இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆர். சிவபோகம்

நான் வசிப்பது பெங்களூரில், அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில். ஆடிட்டராக நாற்பது வருஷம் பிராக்டீஸ் செய்து ஓய்வு பெற்றவன். சென்ற மாதம் அடுத்த தெருவில் இருக்கும் நண்பரின் பேத்தி, ஆர்ட்டிகிள்ஷிப் சேரப் போவதாகச் சொல்லி நமஸ்காரம் செய்ய வந்தாள். ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டபின் ஒரு சந்தேகம் கேட்டாள். கணக்கு எழுதுவதிலிருந்து ரிட்டர்ன் தாக்கல் செய்வது வரை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறதே, ஆடிட்டருக்கென்று என்ன வேலை மிச்சம் இருக்கும் என்றாள். பதிலாக அவளுக்கு ஓர் அம்மையாரின் வாழ்க்கையைச் சொன்னேன். அதை நம் அங்கத்தினர்களுடனும் பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

ஆர். சிவபோகம் அம்மையார் பிறந்தது 1907-ம் ஆண்டு ஜூலை 23-ம் தேதி. சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். இளம் விதவைகளின் கல்விக்காகத் தம் வாழ்வையே அர்ப்பணித்த சகோதரி சுப்புலட்சுமியின் வழிகாட்டுதல் அவருக்குக் கிடைத்தது. சுதேசி இயக்கத்தில் ஈடுபட்டு, கதர் உடுத்தி, அந்நியப் பொருள் பகிஷ்காரத்தில் இறங்கியவருக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வேலூர் சிறையில் இருந்தபோதுதான் கணக்கியல் படிப்பது என்று தீர்மானித்தார். அந்தக் காலத்தில் படித்த பெண்களுக்கு ஆசிரியர் வேலை, மருத்துவத் தொழில் என்று சில வழிகளே திறந்திருந்தன. தணிக்கைத் துறையில் பெண் என்பதே கிடையாது.

1913-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்ய அரசாங்கத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்கு வழி, ஜி.டி.ஏ. எனப்படும் அரசாங்க டிப்ளமா பரீட்சையும், அனுபவசாலியான ஒரு தணிக்கையாளரிடம் பெறும் பயிற்சியும். 1933-ல் சிவபோகம் அந்தப் பரீட்சையில் தேறினார். இந்தியாவில் அதில் தேறிய முதல் பெண்மணி அவரே. சென்னையில் பெயர் பெற்ற ஆடிட்டர் சி.எஸ். சாஸ்திரியிடம் பயிற்சி பெற்றார்.

படிப்பும் பயிற்சியும் இருந்தும் சோதனை வேறு ரூபத்தில் வந்தது. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்று ஆங்கில அரசாங்கம் விதி கொண்டுவந்தது. தேசத்துக்காகச் சிறை சென்றதே அவருக்குக் குற்றமாகிவிட்டது. பலர் அத்துடன் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள். அம்மையார் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, வெற்றியும் பெற்றார். 1937-ல் சொந்தமாகப் பிராக்டீஸ் ஆரம்பித்தார்.

அவர் போராடியது எதற்காக என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கூட்டல், கழித்தல் போட யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. கணக்குப் புத்தகம் எழுதுகிறவர் முதலாளியின் ஆள். ஆடிட்டர் அப்படியல்ல. பங்குதாரர், கடன் கொடுத்த வங்கி, வரி வசூலிக்கும் அரசாங்கம் என்று அந்தக் கணக்கை நேரில் பார்க்க முடியாத பலர், அவர் கையெழுத்தை நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறார்கள். ஆகவே சரக்கு எண்ணப்படும்போது ஆடிட்டர் கிடங்கில் நிற்க வேண்டும். வங்கி இருப்பை வங்கியிடமே நேராகக் கேட்டு வாங்க வேண்டும். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் வெடித்தபோது, அதன் கணக்கில் காட்டப்பட்ட ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை என்று தெரியவந்தது. கம்ப்யூட்டர் அந்தத் தொகையையும் பிழையில்லாமல்தான் கூட்டியிருக்கும்!

நான் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு முதலாளி, கிடங்குப் பக்கமே போகாமல் சரக்கு இருப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்திடச் சொன்னார். மறுத்துவிட்டேன். மறு வருஷம் அந்த ஆடிட் கை நழுவிப் போயிற்று. கைக்குழந்தையுடன் இருந்த எங்களுக்கு அது பெரிய நஷ்டம்தான். அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது, பயிற்சிக் காலத்தில் என் குருநாதர் சொல்லிக் கேட்டிருந்த சிவபோகம் அம்மையாரின் கதையே. கையெழுத்துப் போடும் உரிமைக்காகவே ஒருவர் கோர்ட் படி ஏறியிருக்கும்போது, அதை ஒரு கட்டணத்துக்காக விட்டுக்கொடுக்கலாமா?

சுதந்திரத்துக்குப் பின் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் 1949 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்து, இன்ஸ்டிட்யூட் உருவாயிற்று. 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய மண்டலக் கவுன்சிலுக்குத் தலைவராக இருந்தார் அம்மையார். சி.ஏ. இறுதித் தேர்வில் சிறந்து விளங்கும் பெண்ணுக்கு 1956-ல் ஒரு பரிசையும் ஏற்படுத்தினார். தாம் தனியாக நடந்து வந்த பாதையில் மற்றப் பெண்களும் வர வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. கடைசிவரை எளிய வாழ்க்கை வாழ்ந்து, 1966 ஜூன் 14-ம் தேதி காலமானார்.

இன்ஸ்டிட்யூட்டின் இலச்சினையில் கருடன் உருவமும் கடோபநிஷத் வாக்கியமும் உண்டு. பிறர் உறங்கும்போதும் விழித்திருப்பது என்பது அதன் கருத்து. அந்தப் பெண்ணுக்கு அதையும் விளக்கிச் சொல்லி அனுப்பினேன். சி.ஏ. படிக்கும் குழந்தைகள் இன்று நம் வீடுகளில் ஏராளம். அவர்கள் முதல் கையெழுத்துப் போடுமுன் சிவபோகம் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.