சார்ல்ஸ் குட்இயர்

பனியுறைந்த சாலையில் மோட்டார் செலுத்துவோரின் உயிர் சக்கரத்து ரப்பரைப் பற்றி நிற்கின்றது. அந்த ரப்பருக்கு உறுதி தந்தவர் சார்ல்ஸ் குட்இயர். இவர் 1800-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிற் பிறந்தார்.

அக்காலத்து ரப்பர் கோடையில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்துப் பிளவுறும். இக்குறையைத் தீர்க்கப் புகுந்த இவர், கடன்பட்டுப் பன்முறை சிறை சென்றார். இல்லத்தே வறுமை குடிகொண்டது. எனினும் மனந்தளர்ந்திலர். 1839-இல், கந்தகங் கலந்த ரப்பர் சூடான அடுப்பிற் பட்டும் உருகாது பதப்பட்டமை கண்டார். மேலும் ஐந்தாண்டு உழைத்து 1844-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்திலோ தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டார். 1860-இல் குட்இயர் கடனாளியாகவே மறைந்தார். 1898-இல் எழுந்த டயர்க் கம்பெனி இவர் பெயரைத் தாங்கியதேயன்றி இவர் குடும்பத்திற்கு உரியதன்று.

இவர் தொடங்கிய போர் இன்னும் முடிந்திலது. வெப்பம் 7 பாகை செல்சியசுக்குக் குறையின் கோடை டயர் இறுகிப் பிடிப்பிழக்கும். ஆதலின் பனிநாட்டார், குளிரிலும் மென்மை குன்றாத ரப்பரும் நுண்கீற்றுகளும் உடைய குளிர்கால டயர்களை நான்கு சக்கரங்களிலும் பூட்டுதல் வேண்டும். வேகந் தணிந்து, முன்செல்லும் வண்டிக்கு நெடுந்தூரம் பின்னே செல்லுதல் வேண்டும். ஒருவர் வாழ்நாளெல்லாம் ஈந்து பெற்ற பொருளை நாம் கவனமின்மையால் வீணாக்கலாகாது.