தறிக்கூடத்தில் பிறந்த கார்

விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலுக்கு வியாழக்கிழமைகளில் வருகிறவர்களுக்குத் தெரியும். தெருவில் நடக்க இடம் இராது. பூக்கடைகளையும் மெழுகுவர்த்திக் கடைகளையும் தாண்டினால் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் வெள்ளை நிற இன்னோவாக்கள் பல. வேளாங்கண்ணி, திருப்பதி, சபரிமலை என்று குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் அந்த வண்டி கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வழியில் நின்று மானத்தை வாங்காது, பழையதாகி விற்றாலும் நல்ல விலை போகும் என்பது டிரைவர்கள் அதற்குக் கொடுக்கும் நற்சான்று.

அந்த வண்டி பிறக்கும் இடம் வெகு தூரத்தில் இல்லை. மைசூர் ரெயிலில் ஏறினால் கெங்கேரி, ஹெஜ்ஜாலாவைத் தாண்டியதும் பிடதி வரும். டொயோட்டா தொழிற்சாலை அங்கே இருக்கிறது. ஆனால் டொயோட்டாவின் கதை காரில் தொடங்கவில்லை. ஜப்பான் நாட்டுக் கிராமம் ஒன்றில், ஒரு கைத்தறியில் தொடங்கியது.

கார் கம்பெனியை உண்டாக்கியவர் பெயர் கீச்சிரோ டொயோடா. உலகமே அவர் குடும்பப் பெயரைச் சொல்கிறது. ஆனால் அவர் தம் தொழிலாளர்களின் வேலையைக் காப்பாற்ற முடியாமல் தலைவர் பதவியைத் துறந்தவர் என்பதும், தாம் கனவு கண்ட காரைப் பார்க்காமலே கண்ணை மூடியவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

தச்சர் வீட்டுப் பிள்ளை

கீச்சிரோவின் தந்தை சாக்கிச்சி டொயோடா. 1867-ம் ஆண்டு ஒரு கிராமத்துத் தச்சரின் மகனாகப் பிறந்தார். வீட்டுப் பெண்கள் கைத்தறியில் பாடுபடுவதைப் பார்த்து வளர்ந்தவர். அந்தப் பாட்டைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. தகப்பனாரின் தச்சு வேலையை விட்டுவிட்டுத் தறியைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். ஊரார் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்தார்கள். 1891-ல் தம்முடைய மரத்தறிக்கு முதல் காப்புரிமை பெற்றார்.

அவருக்கு 1894-ம் ஆண்டு ஜூன் 11-ந்தேதி கீச்சிரோ பிறந்தார். தகப்பனார் தறியே கதி என்று ஊர் ஊராக அலைந்தார். குழந்தையின் தாய் மனம் வெறுத்துப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். கீச்சிரோ சிறு வயதில் தாத்தா பாட்டியிடமும், பிறகு சிற்றன்னையிடமும் வளர்ந்தார். அதிகம் பேசாத பிள்ளை. தாயை இழந்ததற்குக் காரணமான அந்தத் தறியின் மீதே அவருக்கும் நாட்டம் ஏற்பட்டது விந்தைதான்.

தந்தைக்குப் பெரிய படிப்பு இல்லை. மகன் டோக்கியோ சர்வகலாசாலையில் இயந்திரப் பொறியியல் படித்து 1920-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு தந்தையின் நூற்பு நெசவு மில்லில் சேர்ந்தார். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார். இங்கிலாந்தில் ஓல்ட்ஹாம் என்ற மில் நகரத்தில் இருந்த பிளாட் பிரதர்ஸ் தொழிற்சாலையில் வேலை நடக்கும் விதத்தை அருகில் இருந்து கவனித்தார். நெசவு இயந்திரத்தில் அன்று உலகத்துக்கே பெரிய கம்பெனி அது. நம் நாட்டுப் பழைய மில்களிலும் பிளாட் இயந்திரங்கள் ஓடியது உண்டு.

நூல் அறுந்தால் நிற்கும் தறி

தந்தையும் மகனும் பாடுபட்டதன் பலன் 1924-ல் கிடைத்தது. ஜி மாடல் தானியங்கித் தறி தயாராயிற்று.

நெசவு தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். தறி ஓடும்போது பாவு நூலோ ஊடை நூலோ அறுந்தால் உடனே கவனிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் துணி முழுவதும் பழுது. அதனால் ஒவ்வொரு தறியையும் ஆள் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. டொயோடா தறி அப்படி அல்ல. நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். நாடாவில் நூல் தீர்ந்தால் ஓட்டம் நிற்காமலே புது நாடா மாறிக்கொள்ளும். ஒரே ஆள் 30, 40 தறிகளைப் பார்க்க முடிந்தது.

பழுதான துணியை நெய்துகொண்டே போவதைவிடத் தறி நிற்பது மேல். இந்தச் சிறிய யோசனைதான் பின்னாளில் டொயோட்டா கார் பேர் வாங்கியதற்கு ஆணிவேர்.

1926-ல் காரியா என்ற ஊரில் தறி செய்யும் தொழிற்சாலை ஏற்பட்டது. 1929-ம் ஆண்டு டிசம்பரில் அதே பிளாட் கம்பெனி, இந்தத் தறியைச் செய்யும் உரிமைக்காக 1 லட்சம் பவுன் தர ஒப்பந்தம் செய்தது. வேலை பார்த்துக் கற்றுக்கொள்ளப் போன இடத்துக்கே தம் தறியின் உரிமையை விற்றார் கீச்சிரோ. தந்தை சாக்கிச்சி 1930-ம் ஆண்டு அக்டோபர் 30-ந்தேதி காலமானார். தாம் தறியால் நாட்டுக்குச் செய்ததை மகன் காரால் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பியதாகச் சொல்வார்கள்.

காரைப் பிரித்துப் படித்தவர்

அந்த நாளில் ஜப்பான் ரோடுகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்க வண்டிகள். 1923-ல் டோக்கியோவைப் பூகம்பம் அழித்தது. ரெயில் பாதைகளும் டிராம் பாதைகளும் நாசமாயின. மோட்டார் வண்டியின் உபயோகம் அப்போதுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது. 1925-ல் போர்டு கம்பெனி யோகஹாமாவில் தொழிற்சாலை திறந்தது. 1927-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒசாகாவில் திறந்தது. பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டி விற்றார்கள். அவர்களோடு மோத ஜப்பானின் பெரிய பணக்காரக் கம்பெனிகளே தயங்கின.

கீச்சிரோ தயங்கவில்லை. தறித் தொழிற்சாலையின் ஒரு மூலையில் சிறிய என்ஜின் ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். தலைவராக இருந்த மைத்துனர் ரிசாபுரோவுக்கு இதில் முதலில் விருப்பம் இல்லை. கார் பணத்தை விழுங்கும், நன்றாக ஓடும் தறித் தொழிலையும் சேர்த்து விழுங்கும் என்று பயந்தார். ஆனாலும் 1933-ம் ஆண்டு செப்டம்பரில் மோட்டார் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு செவர்லே காரை வாங்கி வந்து, கடைசித் திருகாணி வரை கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து படம் வரைந்தார்கள்.

என்ஜின் பிளாக் வார்ப்பதுதான் பெரிய சோதனையாக இருந்தது. தறிக்கு இரும்பு வார்த்துப் பழகிய கைகள்தான். ஆனாலும் நூற்றுக்கணக்கான வார்ப்புகள் வீணாயின. விடாமல் முயன்று 1934-ல் முதல் என்ஜினையும், 1935-ம் ஆண்டு மே மாதம் முதல் மாதிரிக் காரையும் முடித்தார்கள்.

1935-ம் ஆண்டு நவம்பரில் முதல் லாரியை டோக்கியோவில் காட்சிக்கு வைத்தார்கள். காரியாவில் இருந்து ஓட்டிக்கொண்டு போகும்போதே வழியில் ஸ்டியரிங் பாகம் உடைந்தது. விற்ற லாரிகளும் அடிக்கடி நின்றன. பின் அச்சுக்கூடு முறிந்தது. இன்று வழியில் நிற்காத வண்டி என்று பேர் வாங்கிய டொயோட்டாவின் முதல் வண்டிகள் ரோட்டில் நின்ற வண்டிகள்தான்! கம்பெனி ஆட்கள் இரவு பகல் பார்க்காமல் நின்ற இடத்துக்கே போய்ப் பழுது பார்த்தார்கள். எந்தப் பாகம் எதனால் உடைந்தது என்று எழுதி வந்து, அடுத்த வண்டியில் அதைத் திருத்தினார்கள். அடக்க விலைக்கும் குறைவாக விற்றார்கள். வாங்கியவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

டொயோடா, டொயோட்டா ஆனது

1936-ல் கம்பெனிச் சின்னத்துக்காகப் போட்டி நடத்தினார்கள். சுமார் 27 ஆயிரம் படைப்புகள் வந்தன. அப்போதுதான் டொயோடா என்ற குடும்பப் பெயர், காருக்கு டொயோட்டா என்று மாறியது. ஜப்பானிய எழுத்தில் எழுதினால் டொயோட்டாவுக்கு 8 கோடுகள் வரும். 8 அங்கே ராசியான எண். கம்பெனி ஒரு குடும்பத்துச் சொத்து என்ற எண்ணமும் விலகும் என்று கருதினார்கள். 1937-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந்தேதி டொயோட்டா மோட்டார் கம்பெனி பதிவாயிற்று. அடுத்த ஆண்டு கொரோமோ என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை திறந்தார்கள். அந்த ஊரின் பெயரே 1959-ல் டொயோட்டா நகரம் என்று மாறிவிட்டது.

கொரோமோவில் கீச்சிரோ ஒரு புதிய ஏற்பாட்டைச் சொன்னார். வேண்டிய பாகம், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு மட்டும் வர வேண்டும். முன்கூட்டியே குவித்து வைத்தால் பணமும் முடங்கும், பழுதும் குவியலில் மறைந்துகொள்ளும். இந்த யோசனையைத்தான் பின்னாளில் டைச்சி ஓனோ என்ற பொறியாளர் சீட்டு முறையாக வளர்த்தார். பாகம் தீர்ந்தால் சீட்டு திரும்பிப் போகும். சீட்டு போனால்தான் புதிய பாகம் வரும். உலகத்தில் பல தொழிற்சாலைகள் இன்று இதைப் பின்பற்றுகின்றன.

பதவியைத் துறந்தார்

1941-ல் கீச்சிரோ தலைவர் ஆனார். அது யுத்தகாலம். கார் செய்ய வழி இல்லை. ராணுவத்துக்கு லாரி செய்தார்கள். 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந்தேதி, ஜப்பான் சரணடைந்ததாக அறிவிப்பதற்கு முந்தின நாள், தொழிற்சாலை மீது குண்டு விழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வயிறு வளர்க்க வேண்டுமே என்று, மீன் பண்டமும் பீங்கானும் செய்யலாமா என்றுகூடக் கீச்சிரோ ஆராய்ந்தார். 1947-ல் மறுபடியும் சிறிய கார் ஒன்றைச் செய்தார்.

1949-ல் பெரிய இடி விழுந்தது. விலைவாசியை அடக்க, அமெரிக்க வங்கியாளர் ஜோசப் டாட்ஜ் வகுத்த கடுமையான திட்டத்தால் நாட்டில் பணப்புழக்கம் சுருங்கியது. லாரி வாங்கியவர்கள் தவணை கட்டவில்லை. சம்பளம் கொடுக்கவும் பணம் இல்லை. ஆளை நீக்குவதில்லை, அதற்குப் பதிலாகத் தொழிலாளர்கள் 10 சதவீத சம்பளக் குறைப்பை ஏற்பது என்று டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. வங்கிகள் சேர்ந்து சுமார் 19 கோடி யென் கடன் கொடுத்தன. ஆனால் ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும் என்று நெருக்கின.

சில மாதங்களில் அந்த ஒப்பந்தம் முறிந்தது. 1950-ம் ஆண்டு ஏப்ரலில் 1,600 பேர் விலக வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளர்கள் கொதித்தார்கள். இரண்டு மாதம் போராட்டம் நடந்தது. தொழிலாளர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு அது.

கீச்சிரோவால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. ரத்தக் கொதிப்பு நோயும் அவரை வாட்டியது. ஜூன் 5-ந்தேதி பொறுப்பை ஏற்றுத் தலைவர் பதவியை விட்டு விலகினார். தாம் உண்டாக்கிய கம்பெனியில் இருந்து வெறுங்கையோடு வெளியேறினார். ஐந்து நாளில் போராட்டம் முடிந்தது. 2,146 பேர் வேலையை விட்டுப் போனார்கள். அவர் விலகியதால் அந்தக் குடும்பங்களில் அடுப்பு எரிந்துவிடவில்லை. ஆனால் ஆளை வெளியே அனுப்பிவிட்டு முதலாளி மட்டும் நாற்காலியில் இருக்கவில்லை என்பதை மற்றத் தொழிலாளர்கள் மறக்கவில்லை.

விதியைப் பாருங்கள். அதே ஜூன் 25-ந்தேதி கொரியா யுத்தம் மூண்டது. அமெரிக்க ராணுவம் டொயோட்டாவிடம் ஆயிரக்கணக்கில் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கம்பெனி தலை நிமிர்ந்தது. இன்னும் சில வாரம் தாக்குப்பிடிக்க முடிந்திருந்தால், அந்த 2,146 பேரின் கதையும் வேறாக இருந்திருக்கலாம்.

புதிய தலைவர் டைசோ இஷிடா, நிலைமை சீரானதும் கீச்சிரோவைத் திரும்ப அழைத்தார். அவரும் இசைந்தார். பொறுப்பு ஏற்பதற்கு முன்பே, 1952-ம் ஆண்டு மார்ச் 27-ந்தேதி, மூளையில் ரத்தக் குழாய் வெடித்துக் காலமானார். வயது 57. அன்று தயங்கிய மைத்துனர் ரிசாபுரோவும் அதே ஆண்டு ஜூனில் மறைந்தார். முழுக்க முழுக்க ஜப்பானியர் திட்டமிட்ட கிரவுன் கார் 1955-ல் வந்தது. அதைப் பார்க்கக் கீச்சிரோ இல்லை.

கயிற்றை இழுக்கும் உரிமை

டொயோட்டா தொழிற்சாலைகளில் வேலை நடக்கும் வரிசையின் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். பழுது கண்ட தொழிலாளி அதை இழுக்கலாம். உடனே சரி செய்ய முடியாவிட்டால் வரிசை முழுவதும் நின்றுவிடும். நூல் அறுந்தால் நிற்கும் சாக்கிச்சியின் தறிதான் இது. பழுதை மூடி மறைத்து அனுப்பாததால்தான் வண்டி வழியில் நிற்பதில்லை.

இந்தப் பாடத்தை டொயோட்டாவும் எப்போதும் சரியாகப் படித்தது என்று சொல்வதற்கு இல்லை. 2009, 2010-ம் ஆண்டுகளில் பழுதுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. கீச்சிரோவின் பேரன் அக்கியோ டொயோடா அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார்.

பெங்களூருக்கும் முதலில் வந்தது கார் அல்ல. 1995-ல் கிர்லோஸ்கர் குழுமத்தோடு சேர்ந்து ஜிகணியில் நூற்பு இயந்திரக் கம்பெனிதான் முதலில் ஏற்பட்டது. கார் கம்பெனி 1997-ல் தொடங்கியது. 2000-ல் குவாலிஸ் விற்பனைக்கு வந்தது. ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெங்களூர் முழுவதும் ஓடியது அந்த வண்டிதான். 2005-ல் அதன் இடத்தை இன்னோவா பிடித்தது. பிடதியிலும் எல்லா நாளும் சுமுகமாகப் போகவில்லை. 2014-லும் 2020-லும் தொழில் தகராறும் கதவடைப்பும் நடந்தன. கொரோமோவில் 1950-ல் எழுந்த கேள்வி பிடதிக்கும் வந்தது.

இன்று டொயோட்டா குழுமம் ஆண்டுக்கு 1 கோடிக்கு மேல் வண்டிகளை விற்கிறது. கணக்கில் உலகத்திலேயே முதலிடம். ஆனால் கீச்சிரோவை நினைக்கும்போது அந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் சேர்த்து நினைக்க வேண்டும். அது 2,146 பேரின் கணக்கு. வண்டியில் பழுது வந்தால் தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். கம்பெனிக்கே பழுது வந்தபோது இழுக்கக் கயிறு இல்லை. கீச்சிரோ தம் பதவியையே இழுத்து நிறுத்தினார்.