அண்ணன் கையில் தடி

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் (1815–1882) இங்கிலாந்தின் புகழ்பெற்ற பள்ளிகளான ஹாரோவிலும் வின்செஸ்டரிலும் படித்தவர். சேறு படிந்த உடையோடு நடந்துவரும் ஏழைச் சிறுவனை ஹாரோ மாணவர்கள் ஒதுக்கினர். வின்செஸ்டரில் நிலைமை இன்னும் கொடிது. மூத்த மாணவர்களே இளையோரைக் கண்டித்துத் திருத்தும் முறை அங்கிருந்தது. அவரை நாள்தோறும் தடியால் அடித்தவர், அப்பொறுப்பை ஏற்றிருந்த சொந்த அண்ணன் தாமஸ்! பள்ளியின் கண்ணுக்குத் தப்பி நடந்த கொடுமையல்ல இது. பள்ளியே வழங்கிய அதிகாரம். தந்தை கட்டணம் செலுத்தாததால் கடைக்காரர்கள் கடன் நிறுத்தியதும் சக மாணவர்களுக்குத் தெரிந்துவிட, தனிமை முற்றியது. கோபுரத்தின் மீதேறிக் குதித்துவிடலாமா என்றுகூட அச்சிறுவன் எண்ணியதுண்டு. பிற்காலத்தில் அண்ணனும் தம்பியும் நெருங்கிய நண்பர்களாயினர். அஞ்சல் துறையில் உயர் பதவி, 47 நாவல்கள் என வாழ்வும் செழித்தது. ஆயினும், அறுபது வயதில் எழுதிய தன்வரலாற்றில் அந்த அடிகளை அவர் மறவாமல் பதிவுசெய்தார். அவர் மறைந்த மறு ஆண்டே அந்நூல் வெளிவந்தது.