யார் இந்த சிட் பாரெட்? நீக்கிய நண்பர்களே முடித்துக் கொடுத்த ஆல்பத்தின் கதை

பிங்க் ஃபிளாய்ட்! இந்தப் பேரைக் கேள்விப்படாத ராக் ரசிகர்கள் குறைவு. ஆனா, அந்தப் பேரை வச்சது யாருன்னு தெரியுமா?

சிட் பாரெட். 1946-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். 1967-ல் வந்த குழுவின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்கள் இவருடையதுதான்.

என்ன ஆனது?

போதைப்பழக்கம், மனநலப் பாதிப்பு. மேடையில் வாசிக்காமல் அப்படியே நின்றுவிடுவார். 1968-ல் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலா வந்தவர், பழைய நண்பர் டேவிட் கில்மோர்.

தனி ஆல்பம்

1970 ஜனவரியில் வெளியானது 'தி மேட்கேப் லாஃப்ஸ்'. பல பாடல்களில் அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலும் மட்டும்தான். பாதியில் நின்ற பதிவை முடித்துக் கொடுத்ததே கில்மோரும் குழுவின் ரோஜர் வாட்டர்ஸும்தான். அவர் தடுமாறி, மறுபடி தொடங்கும் இடங்களைக்கூட நீக்கவில்லை. அது நேர்மையா, இரக்கமின்மையா என்ற விவாதம் இன்னும் ஓயலை.

ஒரு சந்திப்பு

1975-ல், அவரை நினைத்து எழுதிய பாடலுக்கான வேலை நடந்த ஸ்டுடியோவுக்கு திடீர்னு வந்தார் பாரெட். தலையும் புருவமும் மழித்திருந்த அவரை நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியலை.

பிறகு கேம்பிரிட்ஜில் ஓவியம், தோட்டம் என ஒதுங்கி வாழ்ந்தவர், 2006-ல் 60 வயதில் காலமானார்.