தேக சுயராஜ்யம்

ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேளாமல், அவர்கள் நன்மைக்கென்று சொல்லி இயற்றப்படும் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். அந்நிய ஆட்சியில் நம் தேசம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. வைத்தியத்திலும் இதே நியாயம் செல்லும் என்பதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை. அதை உணர்த்துவதற்கு வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் சரித்திரம் ஒன்றே போதும்.

அம்மையார் 1925-ஆம் வருஷம் கொச்சியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று தேறி, அங்கேயே டாக்டராகப் பணி செய்துவந்தார். 1954-ஆம் வருஷம் சக டாக்டர்களுடன் அவர் பிரயாணம் செய்த மோட்டார் வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம், முதுகுத்தண்டிலும் பலத்த சேதம். உயிர் தப்பியது, கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. முப்பது வயது நிரம்பாதவர், நேற்றுவரை பிறர் நாடி பார்த்தவர், இன்று புரண்டு படுப்பதற்கும் பிறர் கையை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தார். பிறரானால் விதியை நொந்து மூலையில் ஒடுங்கியிருப்பர். அம்மையாருக்கு வழி திறந்தது வேறுவிதமாக.

அவ்வழியின் தொடக்கம் நம் செங்கற்பட்டில் இருக்கிறது. 1947-ஆம் வருஷம் டாக்டர் பால் பிராண்டு என்னும் ஆங்கில ரண வைத்தியர், செங்கற்பட்டுத் தொழுநோய் ஆசிரமத்தை டாக்டர் காக்ரேனுடன் சுற்றிப் பார்த்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளி அவர் கையைப் பற்றியபோது, அந்தப் பிடி வலி தரும் அளவுக்கு இறுகியிருந்தது. செத்துப்போனதாக எல்லோரும் எண்ணிய கையில் இத்தனை பலமா என்று வியந்தவர், உயிருள்ள தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை வேலூரில் வளர்த்தார். புத்தகம் சொல்லாத உண்மையை அன்று அவருக்குச் சொன்னது ஒரு நோயாளியின் கை. பின்னாளில், இரவில் நோயாளிகளின் விரல்கள் குறைந்துபோகும் மர்மத்தையும் நோயாளிகளே துலக்கினர். அவர்கள் கண்விழித்துக் காவலிருந்து, உணர்ச்சியற்ற விரல்களை எலி கடிப்பதைக் கண்டுபிடித்தனர்.

அந்தப் பிராண்டு துரைதான் மேரி அம்மையாருக்குத் தைரியம் ஊட்டினார். கையில் செய்யும் ரண சிகிச்சைக்கு நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தபடியே செய்யலாம். அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளைச் சீர்படுத்தலானார். தம்மைப் போலவே அங்கம் பழுதான ஒருவர் கத்தியேந்தி வருவதைக் கண்ட நோயாளிகள் புதுத் தெம்பு பெற்றனர். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவார்டு ரஸ்க்கின் ஸ்தாபனத்தில் அத்துறையையே கற்றுத் திரும்பினார். 1966-ஆம் வருஷம் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1972-ல் சர்க்கார் பத்மஸ்ரீ விருதளித்துத் தன்னைக் கௌரவித்துக்கொண்டது. 1986-ஆம் வருஷம் அம்மையார் காலமானார்.

இச்சரித்திரத்தில் வீரம் இருக்கிறது. அதை எல்லோரும் போற்றுகிறார்கள். அதனினும் பெரிய விஷயம் ஒன்று உண்டென்பது நமது துணிபு. நோயாளியின் அநுபவமும் ஒரு வித்தை என்பதை அவர் வாழ்வு நிலைநாட்டியது. படுத்திருப்பவரால் எது முடியும், எந்த நேரத்தில் முடியும், எது மனத்தை முறிக்கும் என்பதெல்லாம் கட்டிலருகே நிற்பவருக்கு முழுவதும் விளங்காது. கட்டிலில் கிடந்தவரே நிலையத்தின் தலைமையை ஏற்றபோது அந்தக் குறை அங்கே நீங்கிற்று.

இதை இன்று நாம் எழுதக் காரணம் உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்றொரு வியாதி இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய சக்தியே மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளின் உறையைத் தாக்குகிறது. பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ 1868-ல் இதை விவரித்தார். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாக, இது தோன்றுகிறது. நடை தள்ளாடும், பார்வை மங்கும், சொல்லி மாளாத சோர்வு வரும். மருந்துகள் இதன் வேகத்தைத் தணிக்கின்றன, வேரறுப்பதில்லை. ஆகவே வீட்டில் நாள்தோறும் செய்யும் தேகப் பயிற்சி மிக அவசியமாகிறது.

ஆனால் நடப்பதென்ன? ஆஸ்பத்திரியில் அச்சடித்த பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உடற்சூடு ஏறினால் இந்நோயின் உபத்திரவம் அதிகரிக்கும் என்பது வைத்தியர்கள் அறிந்ததே. குளிர் தேசத்தில் வகுத்த பயிற்சியைச் சித்திரை வெயிலில் படூர் வீட்டில் நண்பகலில் செய்தால் என்ன ஆகும்? கடற்காற்று வரும் மாலையே ஏற்றது என்பதை அந்த வீட்டு நோயாளி சொல்வார், தாள் சொல்லாது.

சங்கீதத்தின் துணையும் இப்படித்தான். தாளத்திற்கு இசைய அடியெடுத்து வைத்தால் தள்ளாடும் நடை சீர்ப்படுவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். நமக்கு இது புதிதன்று. கடலோரத்தில் வலையிழுப்பவர் அம்பாப் பாட்டினாலும், வயலில் நாற்று நடும் பெண்கள் நடவுப் பாட்டினாலும் களைப்பை மறந்தவர்கள். ஆயினும் எந்தப் பாட்டு, எந்தக் காலப்பிரமாணம் என்பதை யார் தீர்மானிப்பது? துரித கதி ஒருவரை எழுப்பும். மற்றொருவரின் காலை இடறும். ஒருவருக்கு நாகஸ்வரம் பிடிக்கும்; இன்னொருவருக்குச் சினிமாப் பாட்டு. இந்நோயாளிகளையே கூட்டி, அவர்கள் யோசனையின்படி வாத்தியத்தோடு கூடிய வீட்டுப் பயிற்சியை வகுக்கும் முயற்சி வெளிநாடுகளில் நடைபெறுகிறது. இந்தியாவிலும் இந்நோயாளிகளுக்கான சங்கம் 1985 முதல் இருக்கிறது. இங்கும் இது நடக்கவொட்டாமல் தடுப்பது எது?

படூர்ச் சாலையில் நாள்தோறும் கம்பெனி வேலைக்குச் செல்லும் யுவர்களும் யுவதிகளும் இந்நோய் தோன்றும் அந்த வயதினரே. அடுத்த கேளம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பயிற்சித் தாள் அச்சுக்குப் போகுமுன் நாலு நோயாளிகளை வைத்தியரோடு சரிசமமாக உட்கார வைத்தால், பணமும் பெரிதாகச் செலவாகாது, சாஸ்திரத்திற்கும் குறைவு வராது. மருந்தின் அளவை வைத்தியரே நிர்ணயிக்கட்டும். ஆபத்தான பயிற்சியை அவரே விலக்கட்டும். நேரத்தையும் பாட்டையும் படிப்படியான ஏற்றத்தையும் நோயாளியைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பொதுநலத் தொண்டர்கள் இதைத் தம் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஊரை ஆளும் உரிமைக்காகப் பாடுபட்டவர்களின் சந்ததியார் நாம். தன் தேகத்தைப் பற்றிப் பேசும் உரிமையை ஒரு நோயாளிக்கு மறுப்பது நமக்கு அழகாகாது. சக்கர நாற்காலியிலிருந்து மேரி அம்மையார் நடத்திய நிலையம் வேலூரில் நின்று வேலை செய்கிறது. அந்த வழி செங்கற்பட்டு ஜில்லாவின் ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வரட்டும்.