பாண்டியர் அரசுரிமைப் போரின் முடிவும் பழையனூர் அண்ணன் பல்லவராயனும்

திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள பழையனூர், நீலி கதையால் மட்டுமன்றிச் சோழர் படைத்தலைவன் ஒருவனாலும் அறியப்பட வேண்டிய ஊராகும். வேதவனமுடையான் அம்மையப்பனான அண்ணன் பல்லவராயன் இவ்வூரினன். திருவாலங்காட்டிலுள்ள இரண்டாம் இராசாதிராசனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அவனது பணியை விரித்துரைக்கிறது. அப்பணி களவெற்றியைக் காட்டிலும் ஒற்றறிதலையும் மக்கள் நம்பிக்கையைக் காத்தலையும் சார்ந்திருந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கி.பி. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் போரிட்டனர். பராக்கிரமன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் உதவியை நாடினான். உதவி வந்து சேருமுன் குலசேகரன் மதுரையைக் கைப்பற்றி அவனைக் கொன்றான். ஆயினும் இலங்காபுரத் தண்டநாயகன் தலைமையில் வந்த படை, கொலையுண்டவன் மகன் வீரபாண்டியனுக்காகப் போரைத் தொடர்ந்தது. சோழர் குலசேகரன் பக்கம் நின்றனர்.

இப்போரால் மக்கள் எய்திய அச்சத்தை ஆர்ப்பாக்கக் கல்வெட்டு காட்டுகிறது. தொண்டி, பாசிப் பகுதிகளில் போர் பரவியதால் மக்கள் நடுங்கினர். எதிரிலிசோழச் சம்புவராயன் உமாபதிதேவரை வேண்ட, அவர் 28 நாள் வழிபாடு நிகழ்த்தினார். பகைவர் தோற்றோடிய செய்தி பின்னரே எட்டியது. காரிகைக் குளத்தூர்ப் பெருமான் நம்பிப் பல்லவராயன் காலத்தில் இலங்காபுரன் முதலியோரின் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டதைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு கூறும். அச்செயல் கொடிது. எனினும் போர் முடிந்தது என்று மக்களுக்கு அறிவிக்கும் பொதுக்குறியாகவும் அது கருதப்பட்டிருத்தல் வேண்டும்.

பெருமான் நம்பி இறந்தபின் அப்பொறுப்பு அண்ணன் பல்லவராயனிடம் வந்தது. ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களில் பராக்கிரமபாகு படையும் கலங்களும் திரட்டுவது தெரியவந்தது. அப்படையெடுப்பைக் கடலுக்கு அப்பாலேயே தடுக்கும் பொருட்டு, பராக்கிரமபாகுவின் மருமகனும் இலங்கை அரசுரிமை கோரிச் சோழநாட்டில் புகலடைந்திருந்தவனுமான சீவல்லவனைப் படையுடன் அனுப்பினான். அத்துறைகள் அழிக்கப்பட்டன, யானைகள் கைப்பற்றப்பட்டன.

இதன்பின் பராக்கிரமபாகு போர்முறையைக் கைவிட்டு உறவுமுறையைக் கையாண்டான். குலசேகரனை அரசனாக ஏற்று அவனைத் தன்பால் ஈர்த்தான். குலசேகரன் சோழர் செய்த நன்றியை மறந்து, மதுரை வாயிலில் இருந்த தலைகளை அகற்றினான். இலங்கையிலிருந்து வந்த ஓலைகளும் பரிசுகளும் சோழர் கைக்கு எட்டியபோது அவனது உட்பகை வெளிப்பட்டது. அவனை நீக்கி, முன்பு எதிரியாயிருந்த வீரபாண்டியனையே மதுரையில் அமர்த்துமாறு சோழன் பணித்தான். அண்ணன் பல்லவராயன் அதனை விரைவில் முடித்தான். பழையனூரில் 10 வேலி நிலம் அவனுக்கு இறையிலியாக வழங்கப்பட்டது.

யாருக்காகப் போர் தொடங்கிற்றோ அவனையே விலக்கிப் போரை முடிக்க நேர்ந்தது. இம்முடிவும் நிலைக்கவில்லை, மூன்றாம் குலோத்துங்கன் அதே வீரபாண்டியனுக்கு எதிராகப் படையெடுத்தான். இலங்கையின் சூளவம்சமோ சோழர் கல்வெட்டுகள் கூறும் தோல்வியைக் குறிப்பிடாது, இலங்காபுரனை வெற்றியாளனாகவே காட்டுகிறது. ஆகவே திருவாலங்காட்டுக் கல்வெட்டை நிலக்கொடை ஆவணமாக மட்டும் கொள்ளுதல் போதாது. நெடும்போரால் தளர்ந்த மக்களுக்கு வெற்றியை உறுதிசெய்யும் அரசின் அறிவிப்பாகவும், சொந்த ஊரார் கண்முன் ஒரு படைத்தலைவனின் உழைப்பை நிலைநிறுத்தும் சான்றாகவும் அதனைப் பயிலுதல் தகும்.