புகைக்காதவரின் நுரையீரல்: ரோய் காசிலின் கதை

எழுபது, எண்பதுகளில் பிரித்தானியாவில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு ரோய் காசில் வீட்டுக்குள் வந்துபோகும் ஒரு மாமா மாதிரி. 1972 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பிபிசியில் உலக சாதனைகளைக் காட்டும் ‘ரெக்கோர்ட் பிரேக்கர்ஸ்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியை நடத்தியவர் அவர். பின்னர் அங்கு குடியேறிய எம்மவரில் பலருக்கு, அவர் பெயர் ஒரு நுரையீரல் புற்றுநோய் அறக்கட்டளையின் பெயராகவே அறிமுகம்.

யோர்க்ஷயரில், ஹோம்ஃபேர்த் நகருக்கு அருகே உள்ள ஸ்கோல்ஸ் கிராமத்தில் 1932 ஆகஸ்ட் 31 அன்று பிறந்தார். பாட்டு, நகைச்சுவை, நடிப்பு எல்லாமே அவருக்குக் கைவந்தன. பாதணியால் தாளம் தட்டி ஆடும் நடனத்தில், 1973இல் ஒரே நிமிடத்தில் 1,440 தட்டுகள் தட்டித் தானும் ஒரு உலக சாதனையாளர் ஆனார். அவர் மிகவும் நேசித்த வாத்தியம் ட்ரம்பெட்.

அந்த ட்ரம்பெட்டை அவர் ஆண்டுக்கணக்கில் ஊதியது ஜாஸ் கிளப்புகளில். அக்காலத்தில் அங்கே மேசைக்கு மேசை சிகரெட் எரியும். ட்ரம்பெட் ஊத மூச்சை ஆழமாக உள்ளே இழுக்க வேண்டும். மற்றவர்களின் புகையும் அந்த மூச்சோடு உள்ளே போனது.

1992இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று வைத்தியர்கள் கண்டறிந்தனர். அவர் சிகரெட் பிடிக்காதவர். தன் நோய்க்கு அந்தக் கிளப்புகளின் புகையே காரணம் என்று அவர் நம்பினார். தனி ஒருவரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நிறுவுவது கடினம். ஆனால் அவருடைய நம்பிக்கைக்குப் பின்னால் அறிவியல் இருந்தது. ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, புகைக்காத 91,540 மனைவிமாரின் விபரங்களை ஆராய்ந்து, கணவர் அதிகம் புகைத்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்துக் கூடுகிறது என்று 1981இலேயே எழுதியிருந்தார்.

சிகிச்சையால் நோய் சிறிது காலம் அடங்கி, மீண்டும் வந்தது. 1994 ஜூலையில், உடல் மெலிந்து தளர்ந்திருந்த நிலையிலும், லிவர்பூலில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைக்க நிதி திரட்டி நாட்டைச் சுற்றிப் பயணம் செய்தார். அவ்வாண்டு செப்டம்பர் 2இல், 62ஆவது பிறந்தநாள் கழிந்து இரண்டாம் நாள், காலமானார். மனைவி ஃபியோனா அந்தப் பணியைத் தொடர்ந்தார். புகையற்ற பொது இடங்களுக்கான சட்டம் ஸ்கொட்லாந்தில் 2006இலும், இங்கிலாந்தில் 2007 ஜூலை 1இலும் நடைமுறைக்கு வந்தது.

உணவகத்திலும் கிளப்பிலும் வேலை செய்பவரை இன்று சட்டம் காக்கிறது. 2015 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைப்பதும் குற்றம். வீட்டின் வரவேற்பறைக்குள் அந்தச் சட்டம் வருவதில்லை. குளிர்நாட்டில் ஜன்னல்கள் மாதக்கணக்கில் மூடியே கிடக்கும். திறந்து வைத்தாலும் புகை மணிக்கணக்கில் தங்கும். எரியும் நுனியிலிருந்து எழும் புகை வடிகட்டி வழியாக வருவதுமில்லை. புகைப்பவரோடு ஒரே வீட்டில் வாழும் புகைக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 20 முதல் 30 சதவீதம் வரை கூடுகிறது. இதயநோய் ஆபத்தும் கூடுகிறது. பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் காது நோயும் வருகின்றன.

ஊரிலிருந்து வந்த பெரியப்பாவிடம் வெளியே போய்ப் புகையுங்கள் என்று சொல்ல எங்களுக்குக் கூச்சம். மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று பயம். ரோய் காசிலைச் சுற்றியிருந்தவர்களும் கெட்டவர்கள் அல்லர். அவர் இசையைக் கேட்க ஆசையோடு வந்தவர்கள்தான். கதவைத் திறந்துவிட்டு, குளிருக்குக் கோட் ஒன்றையும் எடுத்துக் கொடுத்து, அன்பாகவே சொல்லலாம். பிள்ளைகள் நித்திரை கொள்ளும் வீடு என்று சொன்னால் பெரியப்பாவுக்கும் விளங்கும்.